போன அப்பா திரும்பி வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தாலுகா சட்டப் பணிகள் குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். பட்டா, ஜீவனாம்சம், விபத்து இழப்பீடு என்று வருகிறவர்களுக்கு நடுவில், அவ்வப்போது ஒருவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்துவார். "எங்க அம்மாவோட வீட்டுக்காரர் வந்திருக்கார்" என்பார். அப்பா என்ற சொல் வாயில் வராது.

எனக்கும் வரவில்லை. 1998-இல் நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது போனவர் 2014-இல் திரும்பி வந்தார். அன்று எங்களுக்கு என்னென்ன தெரியாமல் தவித்தோமோ, அதையேதான் இன்றும் எல்லாரும் கேட்கிறார்கள். அவரவர் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். அம்மா விட்டுப்போய்த் திரும்பிய குடும்பங்களும் உண்டு. அதற்குத் தனியாக ஒரு கேள்வி பின்னால் வருகிறது. சட்டம் பற்றிச் சொல்வது பெரும்பாலும் இந்துக் குடும்பங்களுக்குப் பொருந்தும். மற்றவர்களுக்கு மாறுகிற முக்கியமான இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

"பதினஞ்சு வருஷம் கழிச்சு வாசல்ல வந்து நிக்கிறார். உள்ளே விடணுமா, வேண்டாமா?"

அன்றைக்கே முடிவு செய்ய வேண்டாம். தண்ணீர் கொடுங்கள், பசித்தால் சாப்பாடு போடுங்கள். ஆனால் சாப்பாடு போடுவது வேறு, சாவி கொடுப்பது வேறு. ராத்திரி தங்குவதற்குச் சித்தப்பா வீட்டிலோ ஒரு லாட்ஜிலோ ஏற்பாடு செய்துவிட்டு, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் உட்பட எல்லாரும் பேசும்வரை அவகாசம் கேளுங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவைச் சொல்லி "உள்ளே விடலைன்னா ஜெயில்" என்று சிலர் மிரட்டுவார்கள். அந்தப் பிரிவு, தன் பொறுப்பில் இருக்கும் முதியவரை எங்கேயாவது கைவிட்டுவிட்டு வருகிறவர்களுக்கானது. பல வருஷம் கழித்து வந்தவரை இன்று ராத்திரி வீட்டில் தங்க வைக்கவில்லை என்பது அதில் வராது.

எங்கள் வீட்டில் யாரும் இப்படி யோசிக்கவில்லை. அவர் வந்தபோது சாயங்காலம் ஏழு மணி இருக்கும். நடுவீட்டில் இன்னும் லைட் போடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், நிலைக்கு இடது பக்கச் சுவரில் கையை வைத்துத் தடவினார். அவர் போகும்போது சுவிட்ச் அங்கேதான் இருந்தது. 2009-இல் வயரிங் மாற்றியபோது வலது பக்கம் கொண்டுபோய்விட்டோம். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே நின்றார். தம்பி எழுந்துபோய் லைட்டைப் போட்டான். அடுப்படியில் இரண்டு உழக்கு அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, ஒன்றும் பேசாமல் இன்னொரு உழக்கு அள்ளிப் போட்டாள். அதோடு அவர் வீட்டுக்கு வந்தவர் ஆகிவிட்டார். யாரும் யாரையும் கேட்கவில்லை. அடுத்த மூன்று வருஷம் நாங்கள் பட்ட பாடெல்லாம் அன்று பேசாமல் விட்டதற்குத்தான்.

"இத்தனை வருஷம் பிரிஞ்சிருந்தா விவாகரத்து தானாவே ஆயிடும்னு சொல்றாங்களே?"

ஆகாது. முப்பது வருஷம் பிரிந்திருந்தாலும் நீதிமன்றத் தீர்ப்பு இல்லாதவரை அவர் உங்கள் அம்மாவின் கணவர்தான். பஞ்சாயத்தில் எழுதிக்கொண்ட "தீர்த்துக்கட்டின" பத்திரமும், நோட்டரி முத்திரை வைத்த ஒப்பந்தமும் சாட்சியமாக உதவலாம், விவாகரத்தாக ஆகாது. (சாதி வழக்கப்படியான முறிவை நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் அந்த வழக்கம் இருப்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.)

1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு வருஷம் கைவிட்டுப் போனாலே விவாகரத்துக் கேட்கலாம். கிறிஸ்தவர்களுக்கும் இரண்டு வருஷம்தான். முஸ்லிம் பெண்கள், கணவர் எங்கே என்று நான்கு வருஷம் தெரியவில்லை என்றாலோ, இரண்டு வருஷம் பராமரிக்கவில்லை என்றாலோ 1939-ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்கலாம். வந்தவரும் சம்மதித்தால் பரஸ்பர விவாகரத்துதான் சுலபம். அதில் வழக்கமாகக் காத்திருக்க வைக்கும் ஆறு மாதத்தைத் தேவைப்பட்டால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

"ஏழு வருஷம் காணலைன்னா இறந்தவர்னுதானே அர்த்தம்? நாங்க காரியமே பண்ணிட்டோம். இப்ப உயிரோட வந்துட்டார்."

ஏழு வருஷக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, ஆனால் பாதிதான் தெரிந்திருக்கிறது. உயிரோடு இருந்தால் யாருக்குச் சேதி தெரிந்திருக்குமோ அவர்களுக்கே ஏழு வருஷமாக ஒரு தகவலும் இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 108-ஆவது பிரிவு, இப்போதைய 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 111. இது ஓர் அனுமானம் மட்டுமே. ஆள் நேரில் வந்து நின்றால் அனுமானம் விழுந்துவிடும். என்றைக்கு இறந்தார் என்பதையும் இந்தப் பிரிவு சொல்லாது. 2004-இல் ஒரு காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

காரியம் செய்தது தப்பில்லை. தர்ப்பையில் உருவம் செய்து தகனம் பண்ணிப் பதினாறாம் நாள் கும்பிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அது நீங்கள் துக்கப்பட்டதற்கு அடையாளம். கவனிக்க வேண்டியது காகிதங்களை. அவர் இறந்ததாகச் சொல்லி வாரிசுச் சான்றிதழ், விதவை ஓய்வூதியம், காப்பீட்டுப் பணம் ஏதாவது வாங்கியிருந்தால், ஆள் வந்துவிட்டார் என்பதை அந்தந்த அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்க வாய்ப்பிருக்கிறது, அதற்கு முன்பே ஒரு வக்கீலைப் பாருங்கள். மறைத்து வைத்தால் பின்னால் மோசடி என்று ஆகிவிடும்.

"அம்மா தாலியைக் கழட்டி உண்டியல்ல போட்டுட்டாங்க. இப்ப மறுபடி பொட்டு வைக்கணுமா, பூ வைக்கணுமா?"

அம்மாவைக் கேளுங்கள். அத்தையையோ ஜோசியரையோ கேட்க வேண்டாம்.

"அம்மா வேற ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அம்மா மேல கேஸ் வருமா?"

முதல் கணவர் காணாமல் போன பிறகு அம்மா நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கிவிட்டு மணம் செய்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஏழு வருஷமாகத் தகவல் இல்லை என்பதே இந்துத் திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கு ஒரு காரணம். அந்தத் தீர்ப்பு கையில் இருந்தால் அவர் மறுநாளே திரும்பி வந்தாலும் இரண்டாம் திருமணம் செல்லும்.

தீர்ப்பு இல்லாமல் மணம் செய்திருந்தால் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குற்றமா என்றால், ஏழு வருஷமாக அவர் உயிரோடு இருப்பதாகத் தகவலே இல்லாமல், அந்த விவரத்தைப் புதுக் கணவரிடம் மறைக்காமல் சொல்லியிருந்தால் இருதார மணக் குற்றம் ஆகாது. பழைய 494-ஆவது பிரிவில் இருந்த இந்த விலக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆவது பிரிவிலும் இருக்கிறது. திருமணம் செல்லுமா என்றால், முதல் கணவர் உயிரோடு இருப்பதால் செல்லாது. அப்படியானால் இப்போதாவது முதல் திருமணத்தை முறைப்படி முடித்துவிட்டு, இரண்டாவது கணவரோடு மறுபடி மணம் செய்து பதிவு செய்துகொள்வதுதான் வழி. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு அம்மா இதைச் செய்தார். பதிவுத் திருமணச் சாட்சிக் கையெழுத்து அவருடைய மகள் போட்டது.

அந்தத் திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகள்தான். இந்துத் திருமணச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு அவர்களைக் காப்பாற்றுகிறது.

"வீடு அம்மா சம்பாதிச்சு வாங்கினது, அம்மா பேர்லதான் இருக்கு. அவருக்கு அதுல பங்கு உண்டா?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். அம்மா உயிரோடு இருக்கும்வரை அவருக்கு ஒரு செங்கல் கூடக் கிடையாது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி பெண்ணின் சொத்து முழுக்க அவளுடையது.

ஆனால் அம்மா உயில் எழுதாமல் இறந்துவிட்டால் 15-ஆவது பிரிவு வரும். அதன்படி முதல் வரிசை வாரிசுகள் மகன்கள், மகள்கள், அப்புறம் கணவர். விவாகரத்து ஆகாத கணவர் பதினாறு வருஷம் எங்கே இருந்தாலும் பிள்ளைகளுக்குச் சமமாக ஒரு பங்கு வாங்குவார். இரண்டு பிள்ளைகள் என்றால் அவருக்கு மூன்றில் ஒன்று. கிறிஸ்தவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கும்போது கணவருக்கு மூன்றில் ஒன்று, முஸ்லிம்களுக்கு நான்கில் ஒன்று. என் அம்மா ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிஃப்ட் பார்த்துக் கட்டிய வீடு அது. பஞ்சுத் தூசியில் இருமி இருமிக் கட்டினாள். அவர் வந்து எட்டு மாதம் கழித்து அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான், பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டியின் மகன் இந்தக் கணக்கை எனக்குச் சொன்னார். அவர் ஒரு வக்கீல் குமாஸ்தா.

உயில் எழுதுவது பெரிய வேலை இல்லை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் முன்னால் அம்மா கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும், சாட்சிகளும் போட வேண்டும். உயிலால் சொத்து கிடைக்கப்போகிறவர்களைச் சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் சண்டை குறையும். பயத்தில் அம்மா உயிரோடு இருக்கும்போதே வீட்டை உங்கள் பேருக்கு மாற்றி செட்டில்மென்ட் எழுதி வாங்கிவிடாதீர்கள். அவள் பெயரில் வீடு இருப்பதுதான் அவளுக்குப் பலம். முஸ்லிம் குடும்பங்களில் உயிலால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது, வாரிசுக்கு எழுத மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். அவர்கள் தனியாக ஆலோசனை கேட்கவும்.

"அவர் பேர்ல ஊர்ல பூர்வீக நிலம் இருக்கு. எங்க கையெழுத்து வேணும்னுதான் வந்திருக்காரோன்னு சந்தேகமா இருக்கு."

சந்தேகப்படுவதில் தப்பில்லை, நான் பார்த்ததில் பலர் இதற்காகத்தான் வந்தார்கள். நிலத்தை வாங்க வருகிறவரின் வக்கீல் "பிள்ளைங்க கையெழுத்து இல்லாம வாங்காதீங்க" என்று சொல்லியிருப்பார். பூர்வீகச் சொத்தில் பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு. 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் மகனுக்கும் சமம். அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்தாரா என்று பார்க்கத் தேவையில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் சுயமாகச் சம்பாதித்தது என்றால் அவர் இஷ்டம், யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம்.

எதிலும் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். வில்லங்கச் சான்றும் பழைய பத்திரங்களும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முக்கியமாக, "விடுதலைப் பத்திரம்" என்ற தலைப்பைப் பார்த்தால் நிறுத்திவிடுங்கள். உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம் அது. "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்று சொல்லித்தான் நீட்டுவார்கள்.

"ஆதார்ல நம்ம அட்ரஸ் போடணும், ரேஷன் கார்டுல பேர் சேர்க்கணும்னு கேட்கிறார். செஞ்சா வீட்டுல உரிமை வந்துடுமா?"

ஆதாரோ ரேஷன் கார்டோ சொத்துரிமை தராது. ஆனால் "நான் இங்கேதான் குடும்பத்தோடு வாழ்கிறேன்" என்று காட்ட உதவும், பிறகு வெளியேறச் சொல்லும்போது அதைத்தான் முதலில் நீட்டுவார். கைவிடப்பட்ட பெண்களுக்கான மாத ஓய்வூதியம் அம்மா வாங்கிக்கொண்டிருந்தால், அவர் பெயர் கார்டில் ஏறுவது அதையும் பாதிக்கும். அவர் எங்கே தங்கப்போகிறார் என்று குடும்பம் முடிவு செய்யும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவருடைய போனுக்கு வர வேண்டிய ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வந்தால் எதற்கு என்று கேட்காமல் சொல்லாதீர்கள்.

"எங்களை வளர்க்கவே இல்லை. இப்ப ஜீவனாம்சம் கேட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல மனு போட்டுட்டார். கொடுத்தே ஆகணுமா?"

கேட்கும்போதே பலருக்குக் குரல் நடுங்கும். நேர்மையான பதில்: கொடுக்க வேண்டி வரலாம். 2007-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி, தன் வருமானத்தாலோ சொத்தாலோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோர், வயது வந்த பிள்ளைகளிடம் கேட்கலாம். தீர்ப்பாயத்தில் இருப்பவர் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். தொகைக்கு உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். சட்டத்தில் எழுதியிருப்பதன்படி வக்கீல் ஆஜராக முடியாது, நீங்களே பேசத் தயாராகப் போங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-ஆவது பிரிவு, இப்போது 144, அதன்படியும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கேட்கலாம். ஏதாவது ஒன்றில்தான் கேட்க முடியும்.

வளர்க்காத அப்பாவுக்கு விலக்கு உண்டா? சிங்கப்பூரில் இதே மாதிரி 1995-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பெற்றோர் பிள்ளையைக் கைவிட்டதோ கொடுமை செய்ததோ தெரிந்தால் மனுவைத் தள்ளவோ தொகையைக் குறைக்கவோ அங்கே தீர்ப்பாயத்துக்கு வெளிப்படையான அதிகாரம் உண்டு. நம் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பசி என்று வந்தவருக்குச் சோறு கிடைக்கட்டும், ஆனால் யாருடைய பசிக்கு அவர் அன்று பதில் சொல்லவில்லை என்பதும் அந்த மேஜையில் பதிவாக வேண்டும்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். அம்மா அன்று கொடுத்த போலீஸ் புகார், பள்ளிச் சான்றிதழில் பாதுகாவலர் கையெழுத்து, பாட்டி பேரில் வாங்கிய கல்விக் கடன் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். தொகை எவ்வளவு என்று முடிவு செய்யும்போது உங்கள் சம்பளம், வீட்டுக் கடன், அம்மாவின் மருந்துச் செலவு எல்லாம் பார்ப்பார்கள், அதனால் அதற்கான ரசீதுகளும் வேண்டும். அவருக்கு வேறு வருமானமோ நிலமோ இருந்தால் சொல்லுங்கள். வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் வழக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உத்தரவு வந்த பிறகு கட்டாமல் விட்டால் வாரண்ட் வரும், ஒரு மாதம்வரை சிறை கூட உண்டு. ஆகவே கோபத்தில் நோட்டீஸைக் கிழித்துப் போடாதீர்கள். ஆஜராகாமல் விட்டால் உங்கள் கதையைக் கேட்காமலே உத்தரவு போட்டுவிடுவார்கள்.

பணம் கொடுக்கச் சொல்லத்தான் சட்டத்தால் முடியும். பேசு, போய்ப் பார், மன்னித்துவிடு என்று எந்தக் கோட்டாட்சியரும் உத்தரவு போட முடியாது. மணியார்டர் மாதிரி மாதாமாதம் வங்கியில் போட்டுவிட்டு முகம் பார்க்காமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் ஒரு நியாயமான ஏற்பாடுதான்.

"நான் கல்யாணமாகி வேற வீட்டுக்கு வந்துட்டேன். எனக்கும் அந்தப் பொறுப்பு உண்டா?"

உண்டு. கல்யாணமான மகளுக்கும் உண்டு என்று 1987-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் உங்கள் சொந்த வருமானத்தைத்தான் பார்ப்பார்கள், மாப்பிள்ளை சம்பளத்தை அல்ல.

"தம்பி அவரோட டீக்கடைக்குப் போறான், சிரிச்சுப் பேசுறான். என்னால பக்கத்துல நிக்கவே முடியலை. நான்தான் கல்நெஞ்சக்காரியா?"

இல்லை. ஒரே வீட்டில் இருந்த இரண்டு பிள்ளைகள் ஒரே அப்பாவை இழக்கவில்லை. அவர் போனபோது என் தம்பிக்கு நான்கு வயது. அவனுக்கு ஞாபகம் என்று ஒன்றும் கிடையாது, ஆகவே வந்தவர் அவனுக்குப் புது மனிதர். எனக்குப் பதினொரு வயது. அவர் விட்டுப்போன அந்த வாரம் பள்ளிக்கூட வாசலில் சாயங்காலம் நான் காத்திருந்தது எனக்குத் தெரியும். மூத்த பிள்ளைகள்தான் வீட்டில் பாதி அப்பாவாக இருந்து தம்பி தங்கையை ஆளாக்கியிருப்பார்கள். கோபம் அவர்களுக்கு அதிகம் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இழப்புக்கு, பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே தனியாக ஒரு பெயர் வைத்தார். தமிழில் முடிவு தெரியாத இழப்பு என்று சொல்லலாம். காரியம் செய்து அழுது தீர்க்க முடியாது, நம்பிக்கையையும் விட முடியாது. அப்படியே வருஷக்கணக்கில் உறைந்து நிற்பார்கள். ஆள் திரும்பி வந்ததும் எல்லாம் சரியாகும் என்று சுற்றியிருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் உறைந்திருந்த துக்கம் அப்போதுதான் உருகத் தொடங்கும். தூக்கம் வராது, சின்ன விஷயத்துக்கு எரிச்சல் வரும். இது நீண்டால் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தம்பியை மட்டும் வேவு பார்க்காதீர்கள். "நீ போய்ப் பேசிட்டு வா, எனக்கு வந்து சொல்ல வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தது எங்களைக் காப்பாற்றியது.

"அம்மா அவரைச் சேர்த்துக்கிட்டாங்க. எங்களை ஒரு வார்த்தை கேட்கலை. இவ்வளவு பட்டும் எப்படி?"

கேட்காதது தப்பு. சேர்த்துக்கொண்டது அவள் உரிமை. பல அம்மாக்களுக்குத் தனிமை ஒரு காரணம், "வாழாவெட்டி" என்ற பேச்சை இருபது வருஷம் கேட்டது இன்னொரு காரணம். கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்கும்போது ஒதுங்கி நின்ற பெண்ணுக்கு, ஒதுங்காமல் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிள்ளைகளான நமக்குப் புரியாது. அவளோடு சண்டை போடாதீர்கள். மேலே வீட்டைப் பற்றிய கேள்வியில் சொன்ன உயிலை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அவரைச் சேர்த்துக்கொண்டாலும் அது அவசியம், சொல்லப்போனால் அப்போதுதான் அதிகம் அவசியம்.

"தங்கச்சிக்கு இன்னும் பதினாலு வயசு. அவளைத் தன்கூட அனுப்பச் சொல்றார். அப்பாதானே கார்டியன்?"

1956-ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டத்தில் "அப்பா, அவருக்குப் பின் அம்மா" என்று இருக்கிறது. "அவருக்குப் பின்" என்றால் அவர் இறந்த பின் என்று மட்டும் பொருள் இல்லை, அவர் பொறுப்பில் இல்லாதபோது என்றும் பொருள் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. குழந்தையின் நலன்தான் முதலில். அவராக வந்து கூட்டிக்கொண்டு போக முடியாது. வேண்டுமானால் குடும்ப நீதிமன்றத்தில் பார்க்கும் உரிமை கேட்கட்டும். பதினாலு வயதுப் பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்பார். பள்ளி தலைமையாசிரியரிடம் யார் வந்தால் அனுப்பலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

"எனக்கு அடுத்த மாசம் கல்யாணம். பத்திரிகையில அவர் பேர் போடணுமா? தாரை வார்க்க அவர்தான் உக்காரணும்னு பெரியப்பா அடம் பிடிக்கிறார்."

பத்திரிகை உங்களுடையது. யார் வளர்த்தார்களோ அவர்கள் பெயரில் அழைப்பு விடுங்கள். தாய்மாமா தாரை வார்த்த கல்யாணமும் பார்த்திருக்கிறேன், அம்மா தனியாக உட்கார்ந்து செய்துகொடுத்த கல்யாணமும் பார்த்திருக்கிறேன். சபையில் வைத்து இதைப் பேசாமல் ஒரு வாரத்துக்கு முன்பே பெரியப்பாவிடம் சொல்லிவிடுங்கள். திரும்பி வந்தவரை அழைப்பதாக இருந்தால் எங்கே உட்காருவார், போட்டோவில் எப்போது நிற்பார் என்பதுவரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இதோடு இனிஷியல் கேள்வியும் வரும். 2016 டிசம்பரிலிருந்து பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். 2018 டிசம்பரிலிருந்து, அம்மா மட்டுமே பெற்றோர் என்றால் பான் கார்டுக்கு அப்பா பெயர் கட்டாயம் இல்லை. ஏற்கெனவே அவர் இனிஷியலோடு எல்லாச் சான்றிதழும் இருந்தால், கோபத்தில் மாற்றப் போய் அலையாதீர்கள். அந்த எழுத்தை இத்தனை வருஷம் சுமந்து பேர் வாங்கியது நீங்கள்.

"குடிச்சிட்டு வந்து கதவைத் தட்டுறார், அம்மாவை அடிக்கக் கை ஓங்குறார்."

பெண்கள் உதவி எண் 181-க்கு உடனே போன் செய்யுங்கள். அடி விழும் நிலைமை என்றால் 112. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, குடித்துவிட்டு வருகிறவர் வீட்டுக்குள் வரக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவே வாங்கலாம். முதல் கேள்வியில் சொன்ன சோறும் தண்ணீரும் இவருக்குப் பொருந்தாது.

"எங்க வீட்டுல போனது அம்மா. ஊரெல்லாம் ஓடிப்போனவன்னு பேசுச்சு. பன்னிரண்டு வருஷம் கழிச்சு ஒரு காப்பகத்துலேர்ந்து போன் வந்திருக்கு."

இதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நிற்கிறது. போனவர்கள் எல்லாரும் விட்டுவிட்டுப் போனவர்கள் இல்லை. மனநோய் முற்றி, எந்த ரயிலில் ஏறினோம் என்று தெரியாமல் மொழி புரியாத ஊரில் இறங்கி நின்றவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் 1993-இல் தொடங்கிய பேன்யன் என்ற அமைப்பு, தெருவில் கிடந்த பெண்களை எடுத்துச் சிகிச்சை தந்து ஊர் கண்டுபிடித்து அனுப்புகிறது. மகாராஷ்டிரத்தில் கர்ஜத்தில் இதே வேலையைச் செய்யும் மருத்துவர் பரத் வாட்வானிக்கு 2018-இல் மகசேசே விருது கொடுத்தார்கள். மருந்து வேலை செய்து ஆறு மாதத்தில் தன் ஊர்ப் பெயரைச் சொன்னவர்கள் உண்டு.

அப்படித் திரும்பும் அம்மா, பிள்ளைக்கு இன்னும் ஐந்து வயது என்று நினைத்துக்கொண்டு வரலாம். நீங்கள் பதினேழு வயதில் மீசையோடு நிற்பீர்கள். அவளுக்கும் இது அதிர்ச்சிதான். மாத்திரை என்ன, எத்தனை நாள், அடுத்த பரிசோதனை எங்கே என்பதைக் காப்பகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே மருந்து இலவசமாகக் கிடைக்கும், ஒரு வேளை கூட நிறுத்தாதீர்கள். அப்பா இதற்குள் வேறு மணம் செய்திருந்தால் மறுமணம் பற்றிய கேள்வியில் சொன்னதெல்லாம் அவருக்கும் பொருந்தும். வாரிசுரிமையில் ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லிவிடுகிறேன்: மகன் உயில் எழுதாமல் இறந்தால் அம்மா முதல் வகுப்பு வாரிசு, அப்பா அதில் இல்லை.

"அவருக்கு வேற ஊர்ல இன்னொரு குடும்பம் இருக்குன்னு இப்பதான் தெரியுது."

எங்களுக்கு அவர் வந்து ஒன்பதாவது மாதம் தெரிந்தது. திருப்பூரிலிருந்து ஒரு சின்னப் பெண் போன் செய்து, "அப்பா மாத்திரையை இங்கேயே வெச்சுட்டு வந்துட்டார், கொடுத்து விடவா?" என்று கேட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

முதல் திருமணம் இருக்கும்போது நடந்த இரண்டாவது செல்லாது, அந்தப் பெண்மணிக்கு மனைவி என்ற வாரிசுரிமை இல்லை. பிள்ளைகளுக்கு உண்டு. அவர் சொத்தில் உங்களுக்குச் சமமான பங்கு. பூர்வீகச் சொத்திலும் அவருடைய பங்காக வருவதில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பெண்மணியிடம் போய்ச் சண்டை போட வேண்டாம். அநேகமாக அவரிடமும் "எனக்கு யாரும் இல்லை" என்றுதான் சொல்லியிருப்பார்.

"அவர் செத்தா கொள்ளி நான்தான் வைக்கணுமா?"

சட்டம் எதுவும் சொல்லவில்லை. வைக்க மனம் இருந்தால் மகனும் வைக்கலாம், மகளும் வைக்கலாம். இல்லை என்றால் பங்காளிகள் வைப்பார்கள். ஊருக்காக வைத்துவிட்டு உள்ளுக்குள் வெந்துபோனவர்களையும், வைக்காமல் விட்டுவிட்டுப் பின்னால் வருந்தியவர்களையும் பார்த்திருக்கிறேன், அதனால் யாருக்கும் இதில் யோசனை சொல்வதில்லை. கடைசி நாலு வருஷம் அவர் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில் இருந்தார். மதியச் சாப்பாடு அம்மா தூக்குவாளியில் கொடுத்துவிடுவாள். தம்பிதான் கொள்ளி வைத்தான். நான் சுடுகாட்டு வாசல்வரை போனேன்.

செய்ய வேண்டிய காகித வேலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு எழுதும்போது எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதுங்கள், மறைத்தால் பின்னால் சான்றிதழே ரத்தாகும். எங்களுடையதில் நான்கு பெயர்கள் இருக்கின்றன. அம்மா, நான், தம்பி, அப்புறம் திருப்பூரில் இருக்கும் அந்தப் பெண்.